கேலன் லெங்கரின் சிவப்புக் கோடு

எங்கள் வட்டாரத்தில் கேலன் லெங்கரின் முகத்தைப் பார்த்தவர்களைவிட அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள்தான் அதிகம். வாரம் முழுக்க ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கழுத்தில் கனமான கேமரா, சட்டைப்பை நிறைய ஃபிளாஷ் பல்பு, நேராக ஹிக்கரி பாட்டம் மைதானம்.

அரை மைல் சுற்றளவில் முட்டை வடிவ மண் தடம் அது. பழைய இரும்புக்குப் போக வேண்டிய, இரண்டே கதவுள்ள கூப்பே கார்களை வாங்கி, கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயில் கூடு அடித்து, எஞ்சினைக் கடைந்து பெரிதாக்கி, எங்கள் ஆட்கள் அதில் வட்டமடிப்பார்கள். பென்சில்வேனியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சனிக்கிழமை என்றால் அதுதான். மறுநாள் காலைத் தேவாலயப் பிரசங்கத்தில் பாதிப் பேர் காதுக்குள் மண்ணோடு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் அந்தக் கார்களின் கதவில் எண் எழுதியவன். பெயர் லாய்ட். ஆனால் ‘பிரஷ்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன்.

கேலன் ஜெயித்தவர்களை மட்டும்தான் எடுப்பார். கோப்பையோடு ஓட்டுநர், பக்கத்தில் கட்டம்போட்ட கொடி, கன்னத்தில் முத்தம் கொடுக்க ஒரு பெண். அடுத்த சனிக்கிழமை வாசலில் மேசை போட்டு அந்தப் படங்களை விற்பார். ஜெயித்தவன் வாங்குவான், அவன் அம்மா வாங்குவாள், அவனுக்கு டயர் கொடுத்த கடைக்காரர் வாங்கி சட்டம்போட்டு மாட்டுவார். பதினாறாவதாக வந்தவன் படத்தை யார் வாங்கப்போகிறார்கள்? இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபிலிம் அவர் சொந்தக் காசு.

அறுபத்து நாலாம் வருஷம் ஆகஸ்டில் டாய்ல் ஸ்னேவ்லி செத்துப்போனார். தகரக் கூரை போடுகிறவர். கத்தரிப்பூ நிறத்தில் கார், எண் 29. பெயிண்ட் கடையில் யாரோ தப்பாகக் கலந்துவிட்ட டப்பாவை இலவசமாகக் கொடுத்தார்கள் என்பதால் அந்த நிறம். பெரிய பந்தயம் ஒன்றையும் அவர் ஜெயித்ததில்லை. அன்று மூன்றாம் திருப்பத்தில் முன்னால் போன கார் சுழல, இவர் அதன் சக்கரத்தில் ஏறி, மர வேலிக்கு மேல் கார் மூக்கு குத்தி நின்றது. அந்த நொடி கேலன் வேலிக்கு உள்பக்கம் பத்தடி தூரத்தில் இருந்தார். படம் எடுத்தார். காரின் பின்பக்கம் வானத்தைப் பார்த்து நிற்கிறது, கூரை பிளந்திருக்கிறது, டாய்லின் ஒரு கை வெளியே நீண்டிருக்கிறது.

அந்தப் படம் மாநிலம் பூராவும் பத்திரிகைகளில் வந்தது. பிறகு நியூயார்க்கில் ஒரு வார இதழ் முழுப்பக்கத்தில் போட்டது. பத்திரிகைக்காரர்கள் சங்கம் ஒன்று கேலனைப் பெரிய ஓட்டலுக்கு அழைத்து ஒரு கேடயமும் கொடுத்தது. இரண்டு கோடைக்கு வாசல் மேசையில் அதிகமாக விற்ற படம் அதுதான். அவர் வீட்டு வரவேற்பறையில் டிவிக்கு மேலே சட்டம்போட்டு மாட்டியிருந்தது. அவர் மனைவி ஆர்டித் விருந்தாளிகளை அந்தச் சுவர் முதுகுப்பக்கம் வரும்படி உட்கார வைப்பாள்.

பிறகு ஜனங்கள் வாங்குவது குறைந்தது. அவரும் மேசையில் வைப்பதை விட்டார். வெட்கப்பட்டு விட்டார் என்று சொன்னால் பொய். விற்கவில்லை, அதனால் விட்டார்.

தடம் மூடி, கார்கள் மாட்டுத் தொழுவங்களுக்குள் போய், ஓட்டினவர்களுக்குத் தலை நரைத்த பிறகு, எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. வருஷா வருஷம் பிப்ரவரியில், வெளியே பனி குவிந்து கிடக்கும்போது, தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் கூடுவோம். யாராவது ஒருவர் புதுப்பித்த பழைய காரை நடுவில் நிறுத்துவார். சுற்றிலும் மேசைகள். பழைய ஹெல்மெட், கிழிந்த நுழைவுச்சீட்டு, கோப்பை, ஆல்பம். ஒரு பக்கம் சோளம் போட்ட கோழி சூப், பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டை. அப்புறம் பேச்சு, பேச்சு, பேச்சு. எவன் யாரை வேலியில் சாத்தினான், எவன் பெண்டாட்டி எவனைக் குடையால் அடித்தாள். கேலனின் மேசைதான் பெரிது. நீளமான பெட்டிகளில் வருஷவாரியாக, ஜெயித்தவர் பெயர்வாரியாகப் படங்கள். அவரும் இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

தொண்ணூற்றேழில் அப்படிக் கூடியிருந்தபோது, நாற்பதை நெருங்கும் ஒரு பெண் தனியாக வந்தாள். குட்டையான உருவம், பச்சைக் கம்பளிக் கோட்டு, கையில் பர்ஸை இறுக்கிப் பிடித்திருந்தாள். முதல் மேசையில் உட்கார்ந்திருந்த ஹார்லன் புருபேக்கரிடம் போனாள். ஹார்லன் அந்தக் காலத்தில் நாலு தடவை பட்டம் வென்றவர். நான் அவர் பக்கத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்கு டாய்ல் ஸ்னேவ்லியத் தெரியுமா? நான் அவரோட பொண்ணு. டார்லா.”

ஹார்லன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேவிட்டார். “டாய்லோட பொண்ணா? அட கடவுளே. உக்காரும்மா, உக்காரு. யோவ் பிரஷ்ஷு, நாற்காலி போடுய்யா.”

“எனக்கு அப்ப அஞ்சு வயசு. முகமே ஞாபகமில்ல,” என்றாள். “செத்த வாரமே அம்மா எல்லாப் படத்தையும் கொல்லைப்பக்கம் டிரம்முல போட்டுக் கொளுத்திட்டாங்க. அப்புறம் என்னைக் கூட்டிக்கிட்டு ஆல்டூனா போயிட்டாங்க. வேற கல்யாணம். வீட்டுல அவர் பேரே எடுக்கக்கூடாது. போன வருஷம் அம்மா போயிட்டாங்க. அதான் இப்ப தேடி வந்தேன்.”

 ஹார்லன்தான் முதலில் தொடங்கினார்.

“உங்கப்பன் மாதிரி வெளிப்பக்கமா சுத்துறவன் ஒருத்தன் கிடையாதும்மா. நாங்கள்லாம் உள்வட்டத்த ஒட்டி வருவோம். அவன் மட்டும் வேலியோரமா மண்ண வாரி இறைச்சுக்கிட்டு வருவான். ஏன்டா இப்படிச் சுத்துறன்னு கேட்டா, ‘அங்கதான்டா காத்து நல்லா வருது’ம்பான்.”

“காத்து வாங்கத்தானே வந்தான் அவன். ஜெயிக்கவா வந்தான்?” என்றார் பின்னாலிருந்து ஒருவர். டார்லா சிரித்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் தைரியம் வந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

“ஒரு தடவ கடைசிச் சுத்துல இவன் பின்சக்கரம் கழண்டுக்கிட்டு, இவனுக்கு முன்னாலயே ஓடிப்போயி கோட்டத் தாண்டிருச்சு. இவன் கார் பாதியில நின்னுருச்சு. நேரா நடுவர்கிட்ட போறான். ‘சக்கரம் என்னோடதுதானே? எட்டாவது இடம் எனக்குத்தான்’னு ஒரே சண்ட.”

“குடுத்தாங்களா?”

“சக்கரத்த மட்டும் குடுத்தாங்க.”

கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்தாள். நானும் என் பங்குக்குச் சொன்னேன். அவர் கார் கதவில் எண் எழுதும்போது பக்கத்திலேயே குந்திக்கொண்டு, “ஒன்பதோட வாலக் கொஞ்சம் நீட்டி விடு பிரஷ்ஷு, வேகமாப் போற மாதிரி தெரியட்டும், காருதான் போகமாட்டேங்குது” என்பார். அப்படியே நீட்டி எழுதிக் கொடுத்தேன். வேறு யாருக்கும் அந்த வால் கிடையாது.

“அவர் படம் ஏதாவது யார்கிட்டயாவது இருக்குமா?” என்று கேட்டாள்.

எல்லாரும் ஒரே சமயத்தில் கேலனின் மேசையைக் காட்டினோம். அவரிடம் இல்லாத படமா? காட்டிய பிறகுதான், அவரிடம் இருக்கும் டாய்ல் படம் எது என்பது நினைவுக்கு வந்து எனக்குச் சுரீர் என்றது. அதற்குள் அவள் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். அவள் பெயரைச் சொன்னதும் கேலனின் முகத்தில் ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. பிறகு பெட்டிகளைத் திறந்தார். அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று அட்டைகளைத் தள்ளிக்கொண்டே போனார். தேடுகிற மாதிரி இருந்தது. எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே தேடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

“இல்லம்மா. எங்கிட்ட ஒண்ணுமில்ல,” என்றார்.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுமில்ல. மன்னிச்சுக்குங்க.”

அவள் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள். இரண்டு மேசை தள்ளி மெர்ல் ஹெக்மனின் கடை. மெர்ல் பழைய சாமான் வாங்கி விற்கிறவர். அப்போது அவர் சூப் வரிசையில் நின்றிருந்தார், இங்கே நடந்த பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. டார்லா அவருடைய பெட்டியில் பிளாஸ்டிக் உறைகளில் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்து, ஒன்றில் நின்றாள். கிண்ணத்தோடு திரும்பிய மெர்ல், வாங்க வந்தவள் என்று நினைத்து உற்சாகமாகச் சொன்னார்: “நல்ல கண்ணும்மா உங்களுக்கு. இங்க இருக்கிறதுலயே அதுதான் ஒஸ்தி. பரிசு வாங்கின படம். அதோ அந்த மேசையில இருக்காரு பாருங்க, அவர் எடுத்தது. பின்பக்கம் சீல் இருக்கும், திருப்பிப் பாருங்க.”

அவள் திருப்பிப் பார்த்தாள். கேலன் லெங்கர் என்ற பெயர், ஊதா மையில்.

படத்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்து கேலன் முன்னால் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது.

“இது நீங்க எடுத்ததா?”

“ஆமாம்மா.”

“ஒண்ணுமில்லன்னீங்களே.”

“இத எப்படி உங்க கையில... இத நீங்க பாக்கக் கூடாதுன்னுதான்.”

“எட்டாவது படிக்கும்போதே பாத்துட்டேன். கூடப் படிச்ச ஒருத்தன் ஏதோ பழைய பத்திரிகையிலேர்ந்து கிழிச்சு என் மேசைமேல வச்சிருந்தான். எங்கப்பாவ நான் பாத்த ஒரே படம் இதுதான். இதுலயும் கை மட்டும்தான் இருக்கு.” அவள் மூச்சு விட்டாள். “இதுக்கு முன்னால எடுத்ததே இல்லையா? எத்தன வருஷம் உங்க முன்னால ஓட்டியிருக்காரு.”

“பின்னால வர்றவங்கள நான் எடுக்கிறதில்ல,” என்றார் கேலன்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது அவருக்கே கேட்டது. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியதைக் கூடத்திலிருந்த எல்லாரும் பார்த்தோம்.  டார்லா படத்தை மேசையில் குப்புற வைத்துவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஹார்லன்தான் பனியில் பின்னால் ஓடி, அவள் முகவரியை வாங்கி வந்தார்.

யாரும் கேலனைத் திட்டவில்லை. மெர்ல் வந்து, “எனக்குத் தெரியாதுய்யா, சத்தியமாத் தெரியாது,” என்று தன் பங்குக்கு அழாக்குறையாக நின்றார். கேலன் தலையை மட்டும் ஆட்டினார். மத்தியானத்துக்கு முன்னாலேயே பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் தூக்க உதவினேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பிறகு அவரைக் காணோம். செவ்வாய்க்கிழமைக் காலைகளில் நாங்கள் காபி குடிக்கும் கடைக்கும் வரவில்லை, தேவாலயத்துக்கும் வரவில்லை. மார்ச் நடுவில் வீட்டுக்கே போனேன். ஆர்டித் கதவைத் திறந்தாள்.

“வாங்க பிரஷ். உங்க சிநேகிதர் கீழதான் இருக்காரு. சாப்பாட்டுத் தட்ட வாங்கிக்க மட்டும் மேல வர்றாரு.”

வரவேற்பறையில் டிவிக்கு மேலே சுவர் காலியாக இருந்தது. ஆர்டித் என் பார்வையைக் கவனித்தாள். “அன்னிக்கு வந்ததும் கோட்டுகூடக் கழட்டாம எறக்கிட்டாரு. முப்பது வருஷமா எறக்குங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். நான் சொல்லி நடக்கல, பாருங்க.”

நிலவறையில் ஒரே ரசாயன வாடை. வெளிச்சப் பலகைமேல் குனிந்திருந்தார் கேலன். பூதக்கண்ணாடி கண்ணில். சுற்றிலும் தரை முழுக்க நெகடிவ் உறைகள். தாடி வளர்ந்திருந்தது.

“வந்தியா,” என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. “இங்க வா. இந்த ஒன்பத நீ எழுதினதான்னு பாரு.”

குனிந்து பார்த்தேன். ஜெயித்த ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் தோளுக்குப் பின்னால், தூரத்தில், மங்கலாக ஒரு கதவு. அதில் பாதி எண். நீண்ட வால்.

“என்னோடதுதான். டாய்லோட காரு.”

கேலன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. முன்னால நிக்கிறவன்தான் தெரியறான். பழக்கதோஷம். பின்னால பாக்கணும்னா முட்டிக்கிட்டு நிக்குது.”

அன்றிலிருந்து நானும் போனேன். ஜெயித்தவர்களை விட்டுவிட்டு அவர்களுடைய அக்குள் இடுக்கிலும் தொப்பிக்கு மேலேயும் தேடினோம். ஒன்றில் டாய்லின் முதுகு, டயரைக் குனிந்து உதைக்கிறார். ஒன்றில் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள், பூட்ஸை வைத்து அடையாளம் கண்டேன். ஒன்றில் வேலியோரம் சாய்ந்து யாரிடமோ பேசுகிறார், முகத்தில் பாதி ஒரு கம்பத்துக்குப் பின்னால். கேலன் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி அச்சுப்போட்டுக் காயவைப்பார். 

நல்ல படம் கிடைத்தது நெகடிவில் அல்ல. அச்சுப்போட்ட பழைய மாதிரிப் படங்கள் இருந்த அட்டைப்பெட்டியில். அறுபத்து மூன்றில் ஹார்லன் பெரிய பந்தயம் ஜெயித்த படம். ஹார்லன் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவருக்கு இடதுபக்கம், நாலு அடி தள்ளி, மேலங்கி முழுக்க மண்ணோடு டாய்ல் ஸ்னேவ்லி நிற்கிறார். ஸ்பேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் ஹார்லனுக்குக் கை தட்டுகிறார். முழு முகம். வாயெல்லாம் சிரிப்பு. முன்பல்லில் ஒன்று உடைந்திருப்பதுகூடத் தெரிகிறது.

படத்தின் குறுக்கே மேலிருந்து கீழாகச் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. விற்பனைப் படத்துக்கு இதற்கு வெளியே இருப்பதை வெட்டவும் என்பதற்கான அடையாளம். கோடு டாய்லின் தோளில் ஏறி இறங்கியது. வெளியே, ஓரத்தில், கேலனின் கையெழுத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தது.

கேலன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். நான் பார்க்காத மாதிரி உறைகளை அடுக்கினேன்.

“இதோட நெகடிவ் இருக்கே. கோடு இல்லாம புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்துடலாம்,” என்றேன்.

“அது வேற போடுறேன். இதையும் கொண்டுபோகணும்.”

“எதுக்குய்யா? அவங்க மனசு நோகும்.”

“அவங்களுக்கு நோகும்னா சொல்ற? எனக்கு நோகும்னு சொல்லு,” என்றார்.

தபாலில் அனுப்பலாம் என்று ஆர்டித் சொன்னாள். கேலன் ஒப்புக்கொள்ளவில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டார்லாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் மலையைத் தாண்டி ஆல்டூனா போனோம். வழியில் கேலன் இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றுவிட்டு ஏறினார்.

டார்லா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர், அன்று வெளியூரில். எங்களைச் சமையலறை மேசையில் உட்காரச் சொல்லி காபி ஊற்றினாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

கேலன் படங்களை ஒவ்வொன்றாக வைத்தார். முதுகு. கால்கள். கம்பத்துக்குப் பின்னால் பாதி முகம். அவள் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். கை தட்டும் படம் வந்ததும் கை நின்றது. விரலால் அந்த உடைந்த பல்லைத் தொட்டாள். பிறகு நாக்கால் தன் பல்லை ஒரு தடவை தடவிக்கொண்டாள், எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

“ரொம்பச் சின்னவரா இருக்காரே,” என்றாள். “என்னைவிடச் சின்னவரு.”

நான் தலையாட்டினேன். கேலன் குனிந்தபடியே இருந்தார்.

பிறகு கோடு போட்ட பழைய படத்தை எடுத்தாள். “இது என்ன கோடு?”

“வெட்டுறதுக்கு,” என்றார் கேலன். “நான் போட்டது.”

“இந்த எழுத்து?”

“அதுவும் நான்தான்.”

அவள் ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  அப்புறம் யாரும் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

“அன்னிக்கு நீங்கதானே ரொம்பக் கிட்டத்துல இருந்தீங்க. ஓடினீங்களா? அவர்கிட்ட?”

இதை நாங்கள் யாரும் முப்பத்து மூன்று வருஷமாகக் கேலனிடம் கேட்டதில்லை. என் கையில் இருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். மற்றவர்கள் ஓடியதை நான் அன்று பார்த்தேன். கேலன் ஓடியதையும் பார்த்தேன். அவருக்காக ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

“ஓடினேன். அவர்கிட்ட இல்ல. இன்னும் நல்லாத் தெரியற எடத்துக்கு ஓடினேன். மறுபடியும் எடுத்தேன்.”

அவள் எழுந்து அடுப்புப் பக்கம் போய், நிறைந்திருந்த காபிப் பாத்திரத்தை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: “வேற ஏதாவது சொல்வீங்கன்னு நெனச்சேன்.”

“நானும் வழியெல்லாம் வேற சொல்லத்தான் யோசிச்சேன்,” என்றார் கேலன். “வரல.”

கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்தார்.  “அந்தப் படத்தோட நெகடிவ். எல்லாமே இதுல இருக்கு. உங்க கண்ணு முன்னாலயே கொளுத்திடலாம்னு கொண்டுவந்தேன்.”

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை வராத கோபம். திரும்பி நின்றாள்.

“கொளுத்துறதா? எங்கம்மா கொளுத்தினாங்க. அதனாலதான் நான் அப்பா மூஞ்சியத் தேடி ஊர் ஊரா அலையறேன். கொளுத்திட்டா உங்களுக்கு நிம்மதி. எனக்கு என்ன? அங்க வைங்க. அது எங்கப்பா கை. எங்கிட்ட இருக்கட்டும்.”

கேலன் உறையை மேசையில் வைத்தார். தான் செய்ய வந்த நல்ல காரியமும் தனக்காகத்தான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அதை முகத்தில் பார்த்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தவர் அதைத் தலையில் வைக்கத் தெரியாமல் கையிலேயே சுருட்டினார். வாசல்வரை வந்து டார்லா கதவைப் பிடித்துக்கொண்டாள். “படத்துக்கு நன்றி,” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் எங்கள் ஆட்களில் சிலர் முணுமுணுத்தார்கள். “அது சரித்திரம்யா. அதப்போயி தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கான்,” என்றார் ஒருவர். மெர்ல் மட்டும் தன் பெட்டியில் இருந்த பிரதியை ஆல்டூனாவுக்கே தபாலில் அனுப்பிவிட்டார். கேலன் மறுபடி காபிக் கடைக்கு வர ஆரம்பித்தார். முன்போல் பேசுவதில்லை. யாராவது புதிதாக வந்து, “நீங்கதானே அந்தப் படம் எடுத்தவர்?” என்று கை குலுக்கினால், குலுக்கிய கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய்க் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார்.

ஆகஸ்டில் பழைய ஹிக்கரி பாட்டம் மைதானத்தில் புல்லைச் செதுக்கி, புதுப்பித்த கார்களை ஓட்டிக் காட்டினோம். பந்தயம் இல்லை, மெதுவாக வட்டம் மட்டும். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழக்கம்போல் பொய்யும் நிஜமுமாகப் பேசிக்கொண்டிருந்தோம். டார்லா கணவரோடு வந்தாள். ஹார்லன் அவளைத் தன் பழைய காரில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுக் கூட்டிப்போனார். மூன்றாம் திருப்பத்தில் வேலியோரமாகவே வெளிப்பக்கம் சுற்றினார். அவர் வாழ்க்கையில் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. இறங்கும்போது அவள் முடி நிறைய மண்.

அவள் கணவருக்கு எங்களில் யாரையும் தெரியாது. கழுத்தில் கேமராவோடு ஒருவர் ஓரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, தங்களுடைய சின்னப் பிளாஸ்டிக் கேமராவை நீட்டினார். “அண்ணே, எங்க ரெண்டு பேரையும் இந்தக் காரோட சேத்து ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா? உங்களுக்குத் தெரியும்போல இருக்கு.”

அது கேலன். டார்லாவும் பார்த்தாள், அவரும் பார்த்தார். அவர் கையை நீட்டவில்லை. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் கார் கதவருகே போய் நின்று, முடியில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கேலன் கேமராவை வாங்கினார். பரிசு வாங்கிய ஆள், அந்த ஒரு பொத்தானைத் தேட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். அவள் சிரிக்காமல் நேராக லென்ஸையே பார்த்தாள்.

ஒரு மாதம் கழித்து ஏதோ கேட்க டார்லா எனக்குப் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: “அந்தப் படம் வந்துச்சு பிரஷ். கார் சாஞ்சு கிடக்கு, மூலையில பெருசா அவர் விரல். இவரா பரிசு வாங்கினாருன்னு என் வீட்டுக்காரர் சிரிக்கிறாரு.” அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

காபிக் கடையில் கேலன் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், கோப்பையைப் பார்த்துக்கொண்டே: “அந்தப் படம் எப்படி வந்துச்சாம்?”

பொய் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சொல்லவில்லை. “கோணலா வந்துச்சாம். மூலையில உன் விரல் இருக்காம்.”

காது மடல்வரை சிவந்துபோனார். சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார், கலக்கிக்கொண்டே இருந்தார்.

“அவங்க முகம் தெரியுதாமா?” என்று கேட்டார்.

“நல்லாத் தெரியுதாம்.”

“சரி,” என்றார். பிறகு காபியைக் குடித்தார்.